பாட்டி வீட்டுக் கட்டுத்தறியும் கணக்குப் போடும்

எங்கள் வீட்டுப் பின்புறம், ரம்புத்தான் மரத்துக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில், 5 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், "என்ன, பந்தல் போடுறீங்களா?" என்று கேட்பார்கள். கல்யாணப் பந்தல் என்று நினைத்து அம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னவர்களும் உண்டு. எனக்கு வயது 35, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த வாழ்த்து அம்மாவுக்கு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

அந்தச் சட்டத்தின் உச்சியிலிருந்து ஒரு நீளமான சிவப்புத் துணி இரண்டாக மடிந்து தொங்கும். இடுப்பில் வார், கயிறு எதுவும் இல்லாமல் அதைப் பிடித்து ஏற வேண்டும். காலிலும் இடுப்பிலும் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்க வேண்டும். சில வித்தைகளில் சுற்றை அவிழ்த்துவிட்டு உருண்டு விழுந்து, தரைக்கு மேலேயே நிற்க வேண்டும். ஏரியல் சில்க்ஸ் என்பார்கள். பேர்தான் சில்க், துணி என்னவோ நைலான். "எந்தப் பட்டு? காஞ்சிபுரமா?" என்று கேட்ட அம்மா, விலை 400 ரிங்கிட் என்றதும், "அந்தக் காசுக்குக் கட்டிக்கிற மாதிரி ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

கோலாலம்பூரில் வேலை செய்த காலத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் வாரம் இரண்டு நாள் கற்றுக்கொண்டேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வேலை போனது, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வந்தேன். இப்போது படிவம் 4, படிவம் 5 (பள்ளியின் கடைசி இரண்டு வருடம்) பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு எஸ்.பி.எம். 2008-இல் அந்தத் தேர்வில் இயற்பியலில் நான் வாங்கியது சி. ஆறாம் ஆண்டு வரை தமிழில் அறிவியல் படித்தேன், தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கான புகுமுக வகுப்பு ஒரு வருடம், அப்புறம் படிவம் 1 முதல் எல்லாம் ஆங்கிலத்தில். டென்ஷன் என்றால் அம்மாவுக்கு வருவது என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். ஊசலின் அலைவு நேரம், டி சமம் டூ பை, ரூட் எல் பை ஜி. சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம் செய்தேன். அந்த எல், அதாவது நீளம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து என் அக்கா மகள் கேட்டாள்.

அதற்கு முன் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் தம்பி, செம்பனை (பாமாயில்) ஆலையில் வெல்டர். சட்டம் கட்டித் தரச் சொல்லிக் கேட்டபோது, "உன் எடை என்னாம்மா?" என்றார். 61 கிலோ. "அப்போ நூறு கிலோவுக்குப் போட்டா போதும்." போதாது மாமா, நான் ஒன்றரை மீட்டர் விழுந்து அரை மீட்டருக்குள் நின்றால் துணியில் வருவது என் எடையைப் போல 4 மடங்கு, அதுவும் சராசரிதான், உச்சத்தில் இன்னும் ஏறும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து பாரம் தூக்கும் வார் ஒன்றைக் கொண்டு வந்தார். "ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். அதுவும் எழுதியிருக்கிற எடையைப் போல ஏழு மடங்கு தாங்கும்னு செஞ்சது. ஏன் தெரியுமா? தூக்குறப்ப யாராவது வெடுக்குன்னு இழுப்பான்." நான் சூத்திரத்தில் சொன்னதை அவர் நிறத்தில் சொன்னார்.

சட்டம் நின்ற அன்று, துணி தொங்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பையை மாட்டி, அதில் செம்பனைக் குலைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். குலை ஒன்று 20 கிலோவுக்குக் குறையாது. முப்பது குலை ஏறியபின், பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கால் லேசாக அசைந்தது. மறுநாளே இரண்டு பக்கமும் சாய்வு முட்டு வைத்து, அடியில் கான்கிரீட் கொட்டினார். (இதைப் படித்துவிட்டு வீட்டுக் கூரைச் சட்டத்தில் சேலையைக் கட்டித் தொங்கிப் பார்க்காதீர்கள். கூரை ஓட்டைத் தாங்கக் கட்டியது, உங்களைத் தாங்க இல்லை. அடியில் கனமான மெத்தை வேண்டும், பார்த்துக்கொண்டு ஓர் ஆள் வேண்டும், முதலில் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.)

சரி, அக்கா மகளுக்கு வருகிறேன். அப்போது படிவம் 4. அவள் இயற்பியலை மலாயில் படிக்கிறாள். நான் ஆங்கிலத்தில் படித்தவள், எங்களுக்குள் பேச்சு தமிழில். ஒரே விசைக்கு மூன்று பெயர்: இழுவிசை, டென்ஷன், தெகாங்கான். ஊசல் சோதனைக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "நூலை எதுவரைக்கும் அளக்கணும் சித்தி? குண்டு தொடங்குற வரைக்குமா, நடு வரைக்குமா?" என்றாள்.

வாய் பதில் சொல்லத் தடுமாறியது. "வா, ஆடிப் பார்க்கலாம்" என்றேன்.

துணியின் அடியில் முடிச்சுப் போட்டு அவளை உட்கார வைத்தேன். மெதுவாக ஒரு தள்ளு. போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. பத்து அலைவுக்கு 40 வினாடி, ஒன்றுக்கு 4. அப்புறம் நான் உட்கார்ந்தேன். அவள் 48 கிலோ, நான் 61. கனமான ஆள் வேகமாக ஆடும் என்று பந்தயம் கட்டினாள். எனக்கும் அதே 40. "போன் தப்பு" என்று சொல்லி மூன்று தடவை எண்ணினாள். எடைக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை என்பது அவள் நோட்டிலேயே இருந்தது. ஆனால் சித்தியைத் தன் கையால் தள்ளிவிட்டு எண்ணியபோதுதான் நம்பினாள்.

அடுத்து அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு புவியீர்ப்பைக் கண்டுபிடிக்கலாம் என்றேன். மேலே மாட்டிய இடத்திலிருந்து கை பிடித்த இடம் வரை 3.5 மீட்டர். கணக்குப் போட்டால் 8.6 வந்தது. வரவேண்டியது 9.8.

"நம்ம ஊர்ல புவியீர்ப்பு கம்மியா சித்தி?"

இல்லை, நீளத்தைத் தப்பாக அளந்திருக்கிறோம். துணி முடிகிற இடம் கணக்கில்லை, தொங்குகிற பாரத்தின் நடு எங்கே இருக்கிறதோ அதுவரை அளக்க வேண்டும். புத்தகத்தில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "புசாட் கிராவிட்டி" என்றாள். சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றாள். மலாயில் புசாட் என்றால் மையம். தொப்புளுக்கும் அதே சொல்தான். "தொப்புள் வரைக்கும் அளக்கணுமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மனித உடம்பின் புவியீர்ப்பு மையம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. அம்மாவின் தையல் நாடாவை எடுத்து அளந்தோம். 4 மீட்டர். இப்போது 9.87.

பிறகு முடிச்சின் மேல் எழுந்து நின்று ஆடச் சொன்னேன். தொப்புள் மேலே போகிறது, நீளம் குறைகிறது, பத்து அலைவு 36 வினாடியில் முடிந்தது. அன்று இருட்டும் வரை உட்கார்ந்தும் நின்றும் ஆடிக்கொண்டே இருந்தாள். அம்மா விளக்கேற்ற வந்து, "படிக்கச் சொன்னா ஊஞ்சலாடுது" என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் எழுதும்போது எல்லாம் அழகாக நடந்தது போலத் தோன்றும். அதனால் நான் மாட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யத் தொடங்கிய மூன்றாம் மாதம். கணுக்காலில் துணியைச் சுற்றிப் பூட்டிவிட்டுத் தலைகீழாகத் தொங்கினேன். ஒரு சுற்றைத் தப்பான பக்கம் போட்டிருக்கிறேன் போல. இறங்கலாம் என்று துணியின் வாலை இழுக்க இழுக்கக் கணுக்கால் இறுகியது. பாதம் நீலம் பாரித்தது. நான் கத்தின கத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார், கையில் தேங்காய் வெட்டுகிற பாராங். "வெட்டாதீங்கம்மா, வெட்டாதீங்க!" எனக்கு 400 ரிங்கிட்டும் கண்ணில் தெரிந்தது, மண்டையும் தெரிந்தது.

பாட்டி திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 81 வயது. எழுந்திருக்கக்கூட இல்லை. "பாரத்தை எடுடி. பாரம் இருக்கிற வரைக்கும் சுத்து அவிழாது."

கையால் துணியைப் பிடித்து, வயிறு நடுங்க உடம்பை மேலே தூக்கினேன். காலில் பாரம் போனதும் அந்தப் பூட்டு தானாகக் கழன்று விழுந்தது. இறங்கி மெத்தையில் படுத்துக்கொண்டு, எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மாட்டுக்கயிறும் இப்படித்தானே?" என்றார்.

ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தபோது பாட்டியிடம் நான்கு மாடுகள் இருந்தன. விடியற்காலை பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவப் போய்விட்டு, மத்தியானம் மாடு. மிரண்ட மாட்டைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. கயிற்றைக் கட்டுத்தறியில் இரண்டு சுற்று சுற்றி, நுனியைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்பாராம். மாடு என்ன இழுத்தாலும் அசையாது. மாடு சோர்ந்து ஓரடி முன்னே வந்தால்தான் சுற்றை எடுக்க முடியும். பாட்டியின் எடை அப்போது 40 கிலோ இருந்திருக்கும்.

கட்டுத்தறிக்கும் என் கணுக்காலுக்கும் ஒரே கணக்கு. ஆய்லர், ஐடெல்வைன் என்ற இருவரின் பெயரால் வழங்குகிற சூத்திரம் அது. அக்கா மகளிடம் கேட்டேன்: மாடு 150 கிலோ விசையோடு இழுக்கிறது, ஒரு சுற்று போட்டால் பாட்டி எவ்வளவு பிடிக்க வேண்டும்? "பாதி. 75." இரண்டு சுற்று? "அதிலும் பாதி." எவ்வளவு உராய்வு என்று சொல்லும் உராய்வுக் கெழுவை 0.3 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். ஒரு சுற்றுக்கு 23 கிலோ. இரண்டு சுற்றுக்கு மூன்றரைக் கிலோ. மூன்று சுற்றுக்கு அரைக் கிலோ, ஒரு பெரிய கொய்யாப்பழத்தின் எடை. ஒவ்வொரு சுற்றும் கழிக்கவில்லை, வகுக்கிறது. அதுவும் ஏறக்குறைய ஆறரையால்.

அதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சூத்திரத்தில் கம்பத்தின் பருமன் வரவே வராது. எவ்வளவு கோணம் சுற்றியிருக்கிறது என்பது மட்டும்தான். அந்தக் கோணத்தையும் பாகையில் போட்டால் விடை பைத்தியக்காரத்தனமாக வரும், ரேடியனில் போட வேண்டும். ஒரு முழுச் சுற்று 2 பை. கூடுதல் கணிதத்தில் ரேடியன் என்று ஒன்றை எதற்காகக் கொண்டுவந்தார்கள், 360 நன்றாகத்தானே இருந்தது என்று நான் பள்ளியில் முணுமுணுத்ததற்கு அன்றுதான் பதில் கிடைத்தது. தொடையில் சுற்றினாலும் கணுக்காலில் சுற்றினாலும் பிடிப்பு ஒன்றுதான் என்று பயிற்சியில் உடம்புக்கு முன்பே தெரிந்திருந்தது. மாமா மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பெரிய கம்பம்தான் நல்லாப் பிடிக்கும் என்கிறார்.

கை வியர்த்தால் கெழு குறையும். 0.3 என்பது 0.2 ஆனாலே போதும், இரண்டு சுற்றின் வகுத்தல் 43-லிருந்து 12-க்கு விழுந்துவிடும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்க்காத நாள் கிடையாது. அதற்குத்தான் ரோசின் தூள் தடவுவது. பைன் மரத்துப் பிசினிலிருந்து வருவது. டப்பாவைத் திறந்ததும் பாட்டி முகர்ந்து பார்த்து, "குங்கிலியம் மாதிரி இருக்கே" என்றார். அதுவும் மரப்பிசின், இதுவும் மரப்பிசின். பேச்சு அப்படியே மரத்துக்கும் பாலுக்கும் போனது.

படிவம் 5 வேதியியலில் பலபடிகள் (பாலிமர்) என்று ஒரு பாடம் வரும். நைலானும் அதில் உண்டு, ரப்பரும் உண்டு. நைலான் 1935-இல் கரோதர்ஸ் என்ற அமெரிக்கர் ஆய்வுக்கூடத்தில் செய்தது. ரப்பர் எங்கள் பாட்டி முப்பது வருடம் மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சேர்த்தது. பால் ஏன் உறைகிறது என்பது தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி: ரப்பர்த் துகளைச் சுற்றிப் புரதச் சவ்வு, அதில் எதிர்மின்னூட்டம், அதனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்யும், துகள்கள் மோதும், சவ்வு கிழியும், கட்டியாகும். அமோனியா ஊற்றினால் இதற்கு நேர்மாறு. அக்கா மகள் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பாட்டி கேட்டுவிட்டு, "ஆசிட் ஊத்தாட்டியும் மறுநா கட்டிப்பாலா ஆயிடும்" என்றார். ஆமாம், பாக்டீரியா வந்து அதுவே அமிலம் உண்டாக்கும். புத்தகத்தில் அது ஒரு வரி. பாட்டிக்கு அது மழை நாளின் பாதிச் சம்பளம்.

மீள்தன்மைக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை, மலேசியாவில் எல்லார் வீட்டிலும் இருக்கிற ஸ்பிரிங் தொட்டில் போதும். பிள்ளை கனத்தால் பக்கத்தில் இன்னொரு ஸ்பிரிங் மாட்டுவோம். அதுதான் இணையான சுருள்வில்கள். துணியில் இன்னும் நுட்பமாகத் தெரியும். கீழே பிடித்தால் ஆள் பொதுக்கென்று இறங்கும், மேலே ஏற ஏற இறக்கம் குறையும். அக்கா மகள் துணிக்கவ்வி ஒன்றை மாட்டி அளந்தாள். தலைக்கு மேலே 3 மீட்டர் துணி இருந்தபோது 12 சென்டிமீட்டர் இறங்கியது, 2 மீட்டர் இருந்தபோது 8. நீளம் குறைந்தால் விறைப்பு கூடும். அவளே வகுத்துப் பார்த்து இரண்டுக்கும் மீட்டருக்கு 4 வருகிறது என்று கண்டுபிடித்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உயிரியலுக்குக் கையில் எரிகிற தசையே சாட்சி, அதில் சொல்ல அதிகம் இல்லை. வரலாற்றுக்குத் துணி தேவையே இல்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்துதான் மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் தொடங்குகிறது. அந்த நாட்களைப் பற்றிப் பாட்டியிடம் கேட்டால் தன் அம்மா சொன்னதைச் சொல்லத் தொடங்குவார், பாதியில் நிறுத்திவிடுவார். ஒரு முறை ஆர்வக்கோளாறில் சுதந்திரத் தேதிகளைத் துணியில் ஏறும் ஒவ்வோர் எட்டுக்கும் ஒன்றாகச் சொல்ல வைத்துப் பார்த்தேன். மூச்சு வாங்கியது, தேதி நிற்கவில்லை. எல்லாவற்றையும் துணியில் கட்ட முடியாது.

தேர்வும் அப்படித்தான். பள்ளிச் சோதனையில் ஹூக் விதியைக் கூறுக என்று வந்திருக்கிறது. இழுக்கும் விசைக்கு ஏற்ற விகிதத்தில் நீட்சி கூடும் என்பதுதான் அந்த விதி. இவள் துணிக்கவ்வி, நீளம், விறைப்பு என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். மதிப்பெண் பூஜ்ஜியம். "ஹாட் கெஞால்", அதாவது மீள்தன்மை எல்லையைத் தாண்டாத வரை, என்ற சொற்றொடர் இல்லை. அழுதுகொண்டே வந்தாள். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் அந்தச் சொற்றொடர் சும்மா வைத்ததில்லை. எல்லை தாண்டி இழுத்த ஸ்பிரிங் திரும்பாது. மாமா ஒவ்வொரு மாதமும் அந்த வாரில் நூல் பிரிந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அந்தச் சொற்றொடருக்காகத்தான். விதியை மலாயில் பத்து தடவை எழுதச் சொன்னேன். மனப்பாடத்தை நான் இப்போது முன்போல் திட்டுவதில்லை.

அழுத்தம் பற்றிய பாடம் போன வாரம் முடிந்தது. அடுத்து மின்சாரம். துணியால் ஒன்றும் ஆகாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மாமா ஆலையிலிருந்து கழித்துப் போட்ட பழைய மோட்டார் ஒன்றைச் சனிக்கிழமை கொண்டுவருகிறாராம். அம்மா இப்போதே மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு வாங்கி வைத்திருக்கிறார்.